நாற்பத்தெண்மர் பாடிய பாட்டு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் முதலில் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பர். பின்னர் நந்தியின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வர். கல்லின் மேல் வரிவரியாக ஓடும் எழுத்துகளை நின்று பார்ப்பவர் சிலரே. கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் அச்சிலருள் ஒருவர். அவருக்கு அகவை 78. எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி உடன் நின்றாள். காலை பத்து மணிக்கே கருங்கல் தரை சுட்டது. அவள் கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

முதியவர் தம் பையிலிருந்து பழைய குறிப்பேடு ஒன்றை எடுத்தார். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்னும் தொகுப்பின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியுள்ள ஒரு கல்வெட்டை அவர் அதில் தம் கையால் படியெடுத்து வைத்திருந்தார். இராசராச சோழன் இக்கோயிலில் பொறிக்கச் செய்த கல்வெட்டு அது. கோயில் கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1010. அங்கே நாள்தோறும் திருப்பதியம் பாடுவதற்காக மன்னன் 48 பாடகரை அமர்த்தினான். அவர்களுக்குப் பிடாரர் என்று பெயர். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். அவர்கள் பெயர்களைக் கல்வெட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ‘சிவன்’ என்று முடியும் பெயர்கள் பல.

“பெயரை எல்லாமா எழுதி வைத்தார்கள்?” என்று பேத்தி கேட்டாள்.

“பெயரும் எழுதினார்கள். கூலியும் எழுதினார்கள், அம்மா.”

ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். அதனையும் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும். குறுணி என்பது எட்டு நாழி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். எனவே ஒருவர்க்கு நான்கு நாளைக்கு ஒரு கலம் நெல் கிடைத்தது. ஐம்பதின்மருக்கும் சேர்த்து நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கலம் ஆகிறது. பாட்டுக்காக ஒதுக்கப்பட்ட நெல் இது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது மன்னர் பலரும் அளித்த கொடைகளுள் ஒன்றாகவே இருந்திருக்கும். இதற்குப் பின் வரும் பகுதிதான் முதியவரைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் செய்தது. பாடுவோருள் ஒருவர் இறந்தாலோ ‘அனாதேசம்’ போனாலோ, அதாவது வேற்று நாட்டுக்குச் சென்றுவிட்டாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினர்க்குப் பாடும் தகுதி இல்லையென்றால், தகுதியுடைய வேறொருவரை அவரே தேடிப் பாடச் செய்ய வேண்டும். உறவினரே இல்லையென்றால், எஞ்சிய பாடகர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டின் ஒரு சொல்லைக்கூட இக்கல்வெட்டு எழுதவில்லை. பாடுபவர் போனபின் யார் பாடுவது என்பதை எழுதிற்று. ஒரு மரபைக் காக்க எதனைக் கல்லில் வெட்ட வேண்டும் என்பது அதனை எழுதுவித்தவர்க்குத் தெரிந்திருந்தது.

பேத்தி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “தாத்தா, நீங்களும் அனாதேசம் போனவர்தானே?” என்றாள்.

அவர் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

அவருடைய தந்தையார் ஓதுவார். காவிரிக் கரையில் ஒரு சிற்றூர்ச் சிவன்கோயிலில் தீபாராதனை முடிந்ததும் கையில் தாளத்தோடு நின்று தேவாரம் பாடுவது அவர் பணி. ஆண்டுக்குச் சில மூட்டை நெல்லும் மாதத்திற்குச் சில ரூபாயும் ஊதியம். அதுவும் காலத்தில் வருவதில்லை. மகனுக்குப் பதினான்கு வயது வரை பதிகங்களைச் சொல்லிக்கொடுத்தவர், பதினைந்தாம் வயதில் தட்டச்சுப் பள்ளிக்கு அனுப்பினார். மகன் தேர்வெழுதி 1971-இல் தில்லியில் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். தந்தை மறைந்தபின் அக்கோயிலில் வேறு ஓதுவார் அமர்த்தப்படவில்லை. அடுத்த உறவினர் ஒருவர் இருந்தார், பாடவும் அறிந்திருந்தார், ஊரில்தான் இல்லை.

அந்த ஊருக்குத்தான் அவர்கள் மறுநாள் செல்வதாக இருந்தது.

தேவாரம் என்பது திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் ஊர் ஊராக நடந்து சென்று பாடிய பாடல்களின் தொகுப்பு. பன்னிரு திருமுறைகளுள் முதல் ஏழு திருமுறைகள் இவை. பத்து அல்லது பதினொரு பாடல் சேர்ந்தது ஒரு பதிகம். பதிகங்களுட் பெரும்பாலனவற்றுக்கு இன்ன பண் என்று குறிக்கப்பட்டிருக்கும். பண் என்பது இன்றைய இராகத்தைப் போன்றது. கௌசிகம், கொல்லி, இந்தளம், சாதாரி, மேகராகக்குறிஞ்சி எனப் பெயர்களே செவிக்கு இனியவை. இவற்றுட் கௌசிகத்தைப் பைரவியாகவும் மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் ஓதுவார்கள் பாடி வருகின்றனர். எழுத்தில் இருப்பது பண்ணின் பெயர் மட்டுமே. அப்பெயரைக் கண்டதும் எப்படித் தொடங்குவது, எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை ஓதுவாரின் குரல்தான் அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சென்றது.

இச்சிக்கலைத் திருமுறைகண்ட புராணம் ஒரு கதையாகச் சொல்கிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தனவாம். மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றனராம் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. அழிந்தவை போக எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். கதையைப் பலரும் இந்த இடத்திலேயே முடித்துவிடுவர். ஆனால் இதற்குப் பின்தான் கதையின் உயிரான பகுதி உள்ளது. பாடல் கிடைத்தது, எப்படிப் பாடுவது என்று மன்னனுக்கும் தெரியவில்லை, நம்பிக்கும் தெரியவில்லை. சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் பிறந்த திருஎருக்கத்தம்புலியூரில் அவர் மரபில் வந்த பெண் ஒருத்தி இருந்தாள். அவளை அழைத்துவந்துதான் பதிகங்களுக்குப் பண் அடைவு வகுத்தனர். அவள் பெயரைக் கதை சொல்லவில்லை.

இது புராணம்; வரலாறாக அப்படியே கொள்ள இயலாது. சோழருக்கு முன்பே, பல்லவர் காலத்திலேயே, திருவல்லம் கோயிலில் திருப்பதியம் பாடுவோர் இருந்தனர் என்பதைக் கல்வெட்டு காட்டுகிறது. ஆகவே பாட்டு முழுவதுமாக மறைந்துபோய்ப் பின்பு கிடைத்தது என்பது ஐயத்திற்குரியது. எனினும் கதை கட்டியவர் ஒன்றைத் தெளிவாக அறிந்திருந்தார். ஏட்டைக் கறையானிடமிருந்து மீட்கலாம். இசையை மீட்க, பாடத் தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும்.

அப்படி ஒருவர் இல்லாது போனால் நேர்வதைப் புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள குடுமியான்மலையில் காணலாம். அங்கே பாறையில் இசைச் சுரங்களே வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் எழுத்து தெளிவாக நிற்கிறது. அறிஞர்கள் அதனை ஆராய்கிறார்கள். அன்று ஒலித்தது போலவே பாடிக் காட்டுவார் எவருமில்லை. யாழின் நிலையும் இதுவே. சிலப்பதிகாரத்தில் விரிவாகப் பேசப்படும் அக்கருவி வழக்கொழிந்தது. மட்டக்களப்பிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டுகள் கணக்கிட்டு ஆராய்ந்து 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட்ட பிறகே அதன் இலக்கணம் மீண்டும் தெளிவுபெற்றது. நரம்பு அறுந்த கருவிக்கு நூல் எழுதுவது எத்தகைய உழைப்பு என்பதை அந்நூலைப் புரட்டிப் பார்ப்பவர் உணர்வர்.

அன்று மாலை அவர்கள் தங்கியிருந்த தெருவின் முனையில் கல்லூரி மாணவர் சிலர் பறை பழகிக்கொண்டிருந்தனர். சருகைக் கூட்டித் தீ மூட்டி, தோலை அதன் வெம்மையில் காட்டி, விரலால் தட்டி ஒலி பார்த்தனர். பின்னர் வட்டமாக நின்று ஆடிக்கொண்டே அடித்தனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். பேத்தி வாசற்படியில் நின்று தாளத்திற்கேற்பக் காலைத் தட்டினாள்.

“தாத்தா, இதையும் கல்வெட்டில் எழுதியிருக்கிறார்களா?”

முதியவர் உடனே விடை சொல்லவில்லை. பறை மிகப் பழைய கருவி. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும் தொல்காப்பியம் அவற்றுள் பறையையும் வைக்கிறது. பிற்காலத்தில் அது சாவோடும், ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின்மேல் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியத்தோடும் பிணைக்கப்பட்டது. முதியவர் சிறுவராய் இருந்தபோது, தம் தந்தை கோயிலுக்குள் நின்று பாடிய அதே ஊரில், பறை அடித்தவர் தேரடிக்கு அப்பால் நின்றதைக் கண்டவர். அவர் அருமையாக அடிப்பார் என்று எல்லோரும் சொல்வர். உள்ளே வா என்று ஒருவரும் சொன்னதில்லை. அதை அவர் பேத்தியிடம் மறைக்காமல் சொன்னார்.

இந்த இடத்தில் ‘மரபைக் காத்தல்’ என்னும் சொல்லைச் சற்று நிதானித்தே கையாள வேண்டும். இழிவு என்று சுமத்தப்பட்ட பணியை இனிச் செய்யோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து மரபை அழிக்கிறீர்கள் என்று சொல்ல வெளியாருக்கு உரிமை இல்லை. அதே பறையைத் தன்மதிப்பின் அடையாளமாக மீண்டும் கையில் எடுத்தவர்களும் உண்டு. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கருவி மாறவில்லை, அதனைக் கேட்போர் மாறத் தொடங்கியிருக்கின்றனர்.

மறுநாள் காலைப் பேருந்தில் பேத்தி தன் பள்ளியில் செய்த வேலையொன்றைப் பற்றிப் பேசினாள். யுனெஸ்கோ வெளியிடும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் உள்ள இந்தியக் கலைகளை அவர்கள் படங்களாக ஒட்டியிருந்தனர். கேரளத்தின் கூடியாட்டம், வேதம் ஓதுதல், இராஜஸ்தானின் கால்பேலியா ஆட்டமும் பாட்டும், லடாக்கின் பௌத்த ஓதல், மணிப்பூரின் சங்கீர்த்தனம் ஆகியவை அதில் இருந்தன. கையால் தொட முடியாத மரபுகளையும் காக்க வேண்டும் என்னும் உடன்படிக்கை 2003-இல் உருவாயிற்று. இந்தியா 2005-இல் அதில் இணைந்தது. ஒரு கலையைப் பட்டியலில் சேர்க்க நாடு விண்ணப்பிக்க வேண்டும். அக்கலைக்குரிய மக்களின் இசைவு வேண்டும். எப்படிக் காக்கப் போகிறோம் என்னும் திட்டமும் வேண்டும்.

“தேவாரம் அதில் இருக்கிறதா, தாத்தா?”

“இல்லை, அம்மா. நேற்றுப் பார்த்தோமே, அந்தக் கோயில் இருக்கிறது.”

தஞ்சைப் பெரிய கோயில் 1987-ஆம் ஆண்டிலேயே உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாடுவோர்க்கு அளந்த நெல்லைச் சொல்லும் கற்களும் அவ்வறிவிப்புக்குள் அடங்கும். அங்கே பாடப்பட்ட பாட்டு அடங்காது. சென்னை நகரம் 2017-இல் இசைக்கான படைப்பாக்க நகரமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. அது பெருமைக்குரியதே. எனினும் அத்தகைய ஏற்பைக் கண்டபின் ஒரு சிற்றூர் ஓதுவார்க்குக் கிடைக்கும் நெல் ஒரு குறுணியேனும் கூடியதா என்று கேட்கும் வழக்கம் முதியவருக்கு உண்டு. அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு கோப்புகள் பார்த்தவர்; ஆணை ஒன்று, நடப்பது ஒன்று என்பதை அறிவார்.

ஏற்பு தானாக வருவதன்று. கேட்டுப் பெற வேண்டியிருந்தது. தஞ்சையில் சித்த மருத்துவராய் விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் தம் பொருளைச் செலவிட்டு இசை ஆராய்ந்து, 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். மருத்துவத்தில் ஈட்டியதை இசைக்குச் செலவிட்டவர் என்று சொல்லலாம். அக்காலக் கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே முதன்மை பெற்றன. தமிழ்ப் பாடல் கடைசியில் துக்கடாவாக வந்தது. இந்நிலை மாறவேண்டுமென 1941-இல் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். இசைக்கு மொழி ஏது என்று எதிர்த்தவர்களும் இருந்தனர்; செய்தித்தாள்களில் சொற்போர் நடந்தது. சென்னையில் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தியது. அதுவரை கோயிலுக்குள் மட்டும் ஒலித்த ஓதுவார் குரலை இசையறிஞர்கள் சான்றாக வைத்துக் கேட்ட இடம் அது.

பேருந்து கும்பகோணச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. பேத்தி தன் கைப்பேசியில் தேடி, தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய பதிகம் ஒன்றைக் கண்டெடுத்தாள். அவரது பதிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. இருவரும் ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டனர். முதியவர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும், “மிகச் சரியாகப் பாடுகிறார். எங்கள் அப்பா இந்த இடத்தில் இன்னும் சிறிது இழுப்பார்” என்றார்.

“அதை யாராவது பதிவு செய்து வைத்திருக்கிறார்களா?”

“இல்லை.”

ஊர்க் கோயிலில் கூட்டம் இல்லை. குருக்கள் இளைஞர். தீபாராதனை காட்டித் திருநீறு கொடுத்தார். தந்தையார் நிற்கும் இடம் எது என்று முதியவர் சொல்லாமலே பேத்திக்கு விளங்கிற்று. அவர் நேராகச் சென்று அந்தத் தூணருகே நின்றார். “ஐயா பாடுவீர்களா? பாடுங்கள். இங்கே பாட்டுக் கேட்டு நெடுநாள் ஆயிற்று” என்றார் குருக்கள்.

முதியவர் திருச்சிற்றம்பலம் சொல்லித் தொடங்கினார். மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் அமைந்த பதிகம். முதல் பாட்டில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இரண்டாம் பாட்டில் சற்றுத் தெளிந்தது. பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்த மெட்டை அவள் இதற்கு முன் கேட்டிருக்கிறாள். தில்லி வீட்டில் தம்பி குழந்தையாய் இருந்தபோது பாட்டி தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடியது இதுவே. அதாவது பாட்டு வேறு, குரல் போகும் வழி இதுவே. தாலாட்டை நீலாம்பரியில் பாடுவது தமிழர் வீடுகளில் வழக்கம். பாட்டியின் தாலாட்டு எந்தப் பட்டியலிலும் இல்லை. அவளுக்கோ அது மனப்பாடமாகத் தெரியும்.

நான்காம் பாட்டில் முதியவர் நின்றுவிட்டார். இரண்டாம் அடி நினைவுக்கு வரவில்லை. உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. பேத்தி கைப்பேசியில் அந்தப் பதிகத்தைத் தேடி எடுத்து, அவர் அருகே சென்று அடியை மெல்லப் படித்துக் காட்டினாள். அவர் தலையசைத்தார், ஆனால் பாடவில்லை.

“படிக்காதே, அம்மா. பாடு.”

“எனக்குப் பாடத் தெரியாதே, தாத்தா.”

“பாட்டி தாலாட்டு தெரியுமல்லவா? அந்த வழியில் போ.”

அவள் குருக்களைப் பார்த்தாள். அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார். அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் பெண்களும் ஓதுவார்களாக அமர்த்தப்பட்டுள்ளனர் என்பது அவளுக்குத் தெரியாது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் கதை மட்டும் தெரியும். தாத்தா காலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது சொன்னது. அவள் அந்த அடியைப் பாடினாள். முதற்சீர் சரியாக வந்தது. அடுத்ததில் குரல் மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போயிற்று. முதியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். தாம் ஒருமுறை பாடிக் காட்டினார். தந்தையார் இழுப்பது போலவே அந்த இடத்தில் சிறிது இழுத்தார்.

“மறுபடியும்” என்றார்.

அவள் மறுபடியும் பாடினாள்.